கேஎல்ல (கோலாலம்பூர்ல) திசையே புரியாம காடி ஓட்டுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? எப்படி சமாளிக்கிறீங்க?

பட்டர்வொர்த்_பிள்ளை:

வணக்கம் எல்லாருக்கும். நான் கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் பண்றவ, சேலை கட்டி விடுறது, தலை அலங்காரம் எல்லாம் சேத்து. ஊரு பினாங்கு பக்கம் பட்டர்வொர்த், கல்யாணம் ஆகி கேஎல்ல செந்தூலுக்கு வந்தாச்சு. வேலைல குறை ஒண்ணும் இல்ல, புக்கிங் நல்லாவே வருது, பிரச்சனை என்னன்னா பொண்ணு வீட்ட கண்டுபிடிச்சு போறது தான். காலைல ஆறரை மணி முகூர்த்தம்னா நான் ரெண்டரை மூணு மணிக்கெல்லாம் அங்க இருக்கணும், அந்த நேரத்துல வழி கேக்க ரோட்டுல ஒரு ஆள் இருக்காது, தெரு நாய் தான் நிக்கும், அதுவும் என்னை பாத்து குலைக்கும்.

எனக்கு எப்படின்னா, ஆப் "200 மீட்டர்ல இடது பக்கம்"னு சொல்லும், ஆனா 200 மீட்டர்னா கண்ணுக்கு எவ்ளோ தூரம்னு பிடிபடவே மாட்டேங்குது, அதுவும் கேஎல்ல இடது பக்கம்னு ஒண்ணா இருக்கு, மேம்பாலத்துல ஏறுறது ஒரு இடது, அதுக்கு அடியில போறது ஒரு இடது, கொஞ்சம் தள்ளி டோலுக்கு இழுத்துட்டு போறது இன்னொரு இடது. ஒண்ணு மாத்தி ஏறிட்டா திரும்புற இடம் எங்கயோ இருக்கும். போன வழியிலயே திரும்பி வந்தா கூட எனக்கு அது புது ரோடு. மால்ல ஒரு கடைக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்தா வந்த பக்கமே திரும்பி நடப்பேன். மண்டபத்துல டாய்லெட் போயிட்டு வந்தா மணவறைக்கு பதிலா சமையல் கட்டுல போய் நிப்பேன், சமையல் அண்ணன்களுக்கெல்லாம் இப்ப என்னை நல்லா தெரியும்.

வீட்டுக்காரர் சிரிக்கிறாரு, "உனக்கு மூஞ்சி மட்டும் தான் ஞாபகம் நிக்கும்"னு. அது என்னமோ உண்மை தான், எப்பவோ மேக்கப் போட்ட பொண்ண பசார்ல பாத்தா எந்த ஷேட் போட்டேன், மூக்குத்தி எந்தப் பக்கம், எந்த புருவம் ஒரு இழை மேல ஏறி இருக்கும், எல்லாம் சொல்லிருவேன். அப்போ ஞாபக சக்தி இல்லன்னு ஆகாது தானே?

நான் கேக்குறது இது தான். இது ஒரு வியாதியா? பழகுனா சரியாகுமா, இல்ல பொறவியிலேர்ந்தே இப்படினா இப்படியே தானா? உங்கள்ல யாராச்சும் இப்படி இருந்து, அதோட வேலையும் பாக்குறவங்க இருந்தா என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க. "மேப்ப ஒழுங்கா பாரு"ன்னு மட்டும் தயவு செஞ்சு எழுதாதீங்க, அத வீட்லயே போதும் போதும்னு கேட்டாச்சு.

கிள்ளான்_மச்சான்:

சிஸ் கோச்சுக்காதீங்க, பொம்பளைங்களுக்கே இது கொஞ்சம் கம்மி தான், கடவுள் அங்க கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணிட்டாரு 😂 என் தங்கச்சி கிள்ளான்லயே பொறந்து வளந்தவ, லிட்டில் இந்தியாவுல பூ வாங்கிட்டு காடிய எடுத்தா வீட்டுக்கு வராம ஆத்துக்கு அந்தாண்ட வடக்கு கிள்ளானுக்கு போயிட்டு போன் பண்ணுவா, "அண்ணே இங்க எல்லாம் வேற மாதிரி இருக்கு"ன்னு. பேசாம ஒரு டிரைவர் வெச்சுக்கங்க.

மெதுவா_படிக்கிறவ:

மச்சான், பொம்பளைங்களுக்கு வராதுங்கிற கதைய கொஞ்சம் ஓரமா வைங்க. 2016ல சீ ஹீரோ குவெஸ்ட்னு ஒரு போன் கேம் விட்டாங்க, படகு ஓட்டி வழி கண்டுபிடிக்கிற விளையாட்டு, லண்டன் யூசிஎல் பல்கலைக்கழக ஆளுங்களும் கூட்டாளிங்களும் சேந்து ஆராய்ச்சிக்குனே செஞ்சது. உலகம் பூரா கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் ஆடினாங்க. அதுல ஆம்பள பொம்பள வித்தியாசம் தெரிஞ்சது வாஸ்தவம் தான், ஆனா எல்லா நாட்டுலயும் ஒரே அளவு இல்ல. பொம்பளைங்களுக்கு படிப்பு, வேலை, உரிமை எல்லாம் சமமா கிடைக்கிற நாடுகள்ல அந்த இடைவெளி சின்னதா இருந்துச்சு, இல்லாத நாடுகள்ல பெருசா இருந்துச்சு. கடவுளோட கஞ்சத்தனம்னா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி தான இருக்கணும்? உங்க தங்கச்சி கைல எந்த வயசுல மோட்டார் சாவி குடுத்தீங்க, உங்களுக்கு எந்த வயசுல குடுத்தாங்கன்னு யோசிச்சு பாருங்க.

இப்ப கேள்விக்கு வரேன். சிஸ், வியாதின்னு சொல்ற அளவுக்கு போறது ரொம்ப கொஞ்சம் பேருக்கு தான், ஆனா அப்படி ஒண்ணு இருக்கு. கனடா கால்கரில ஜூசெப்பே யாரியான்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரும் அவரோட ஆளுங்களும் 2009ல முதல் முதலா ஒரு பெண்ண பத்தி எழுதினாங்க. தலைல அடிபடல, பக்கவாதம் இல்ல, ஸ்கேன்ல எல்லாம் சுத்தம், புத்தியும் நல்லா இருக்கு, ஆனா சின்ன வயசுலேர்ந்தே வழி நிக்கல. மனசுக்குள்ள ஊரோட மேப் உருவாகவே மாட்டேங்குது. அதுக்கப்புறம் நிறைய பேர் "நானும் அப்படித்தான்"னு அவங்கள தேடி வந்தாங்க, சிலருக்கு சொந்த வீட்டுக்குள்ளயே தடுமாறும். நீங்க அந்த அளவானு இங்க உக்காந்துட்டு யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளயும் பழகின தெருவுலயும் சரியா இருந்துட்டு புது இடத்துல மட்டும் தடுமாறுறீங்கன்னா, எல்லாருக்கும் கூட குறைய இருக்கிற திறமைல நீங்க கொஞ்சம் கீழ்ப்பக்கம், அவ்ளோ தான்னு நான் நெனைக்கிறேன்.

மூஞ்சி ஞாபகம் இருக்கு, வழி இல்லைங்கிறீங்களே, அது முரண்பாடே இல்ல. மூஞ்சிய அடையாளம் வைக்கிற இடம் மூளைல வேற, வழிக்கு வேற. வழிக்கு முக்கியமான இடம் ஹிப்போகேம்பஸ். "நான் இப்ப இந்த இடத்துல இருக்கேன்"னு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் துடிக்கிற செல் அங்க இருக்குன்னு ஜான் ஓகீஃப் 1971ல எலிகிட்ட கண்டுபிடிச்சாரு, பக்கத்து பகுதில இடத்தையே கட்டம் கட்டமா அளக்குற செல்ல மோசர் தம்பதி 2005ல கண்டுபிடிச்சாங்க, மூணு பேருக்கும் சேத்து 2014ல நோபல் பரிசு. அதனால உங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணா தாராளமா சொல்லுங்க, இது நோபல் பரிசு வாங்கின சமாச்சாரம்னு.

பழகுனா வருமான்னா, வரும். லண்டன் டெக்சிக்காரங்க லைசென்ஸ் வாங்க சுமார் 25,000 தெருவ மனப்பாடம் பண்ணணும், பல வருஷம் படிக்கணும். அவங்களுக்கு ஹிப்போகேம்பஸ்ல பின் பகுதி மத்தவங்கள விட பெருசுன்னு எலினார் மக்வாயர் 2000ல காட்டுனாங்க. சரி, பெருசா இருக்கிறவன் தான் டெக்சி ஓட்ட வரானோன்னு ஒரு சந்தேகம் வரும் தானே, அதுக்கும் பதில் தேடி, படிக்க சேந்த நாள்லேர்ந்தே ஆளுங்கள பின்தொடர்ந்து பாத்தாங்க. அது 2011ல வந்துச்சு. படிச்சு பாஸ் பண்ணவங்களுக்கு மட்டும் வளந்திருந்துச்சு, பாதில விட்டவங்களுக்கு இல்ல.

கிள்ளான்_மச்சான்:

சாவி விஷயத்துல வாய அடைச்சிட்டீங்க. எனக்கு பதினஞ்சு வயசுலயே குடுத்தாங்க, லைசென்ஸ் இல்லாம, அத இங்க எழுதக் கூடாது போல.

பழைய_டெக்சி:

நான் கேஎல்ல டெக்சி ஓட்டி ரிட்டையர் ஆனவன்மா. போன்ல மேப் வர்றதுக்கு முன்னாடி ஓட்டுனவன், அதனால நீளமா எழுதுறேன், பொறுமையா படி.

மொதல்ல 200 மீட்டர் 300 மீட்டர் கணக்க விட்டுடு. கேஎல்ல ரோட்டு போர்டுல தூரத்து ஊர் பேரு போட்டிருப்பான் பாரு, அதுல நாலே நாலு பேர கெட்டியா புடிச்சுக்கோ. ஈப்போன்னா வடக்கு, சிரம்பான்னா தெற்கு, கிள்ளான்னா மேற்கு, குவாந்தான்னா கிழக்கு. எங்க மாட்டிக்கிட்டாலும் இந்த நாலுல ஒண்ணு போர்டுல வந்துரும். நீ இருக்கிறது செந்தூல், ஊருக்கு வடக்கால. அப்போ செராஸ்லயோ பூச்சோங்லயோ வேலைய முடிச்சிட்டு தல சுத்தி நிக்கிறேன்னு வெச்சுக்கோ, ஈப்போ போர்ட புடிச்சு வா, வீட்டுப் பக்கம் வந்து விழுவ. நேர் வழியா இல்லாம இருக்கலாம், ஆனா விலகிப் போக மாட்ட.

ரெண்டாவது, போர்டோட கலரு. பச்சைன்னா டோல் போட்ட ஹைவே, நீலம்னா சாதா ரோடு. எந்த பக்கம்னு முழிக்கிற நேரத்துல, இருட்டுல, நீலத்துலயே நில்லு. பச்சைல ஏறினா அடுத்த எக்சிட் வரைக்கும் உன் கைல ஒண்ணும் இல்ல, காசும் போகும். ஹைவேக்கு நம்பர் இருக்கு, எல்டிபி ஈ11, டியூக் ஈ33, மெக்ஸ் ஈ20, ஆக்லே ஈ12. பேர் குழப்புச்சுன்னா நம்பர பாரு, நம்பர் போர்டுல சின்னதா ஓரத்துல இருக்கும், நெறைய பேர் அத கவனிக்கிறதே இல்ல.

மூணாவது தான் என் பெரிய ரகசியம். ஊரு நடுவுல மூணு உசரம் நிக்குது. ட்வின் டவர் 452 மீட்டர், கேஎல் டவர் 421 மீட்டர், இப்ப புதுசா மெர்டேகா 118, அது 678.9 மீட்டர். அத பாத்து "ஆகா டவர் தெரியுது"ன்னு நிறுத்திக்கிட்டா பிரயோஜனம் இல்ல, எது எந்த கைப்பக்கம் இருக்குன்னு பாக்கணும். உங்க செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங் பக்கம் இருந்து ஊர பாத்தா இடது கைல ட்வின் டவர், நடுவுல கேஎல் டவர், வலது கைல 118. செராஸ், அம்பாங் பக்கம் போயிட்டா இது அப்படியே மாறிரும், 118 இடது கைக்கு வந்துரும், ட்வின் டவர் வலதுக்கு போயிரும். பங்சார் பக்கம்னா 118 வலது பக்கம் தனியா நிக்கும், மத்த ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டின மாதிரி தெரியும். ஆக, 118 வலதுன்னா நீ வீட்டு பக்கம் இல்லன்னா பங்சார் பக்கம். இடதுன்னா நீ ஊருக்கு அந்தாண்ட. அவ்ளோ தான்மா. இதுக்கு எந்த டேட்டாவும் வேணாம்.

ரோட்டு பேர நம்பி ஏமாறாத. 2014ல ஒரே மூச்சுல கொஞ்சம் ரோட்டுக்கு பேர் மாத்துனாங்க, ஜாலான் டூத்தா இப்ப ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம், ஜாலான் ஈப்போல ஒரு பகுதி ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா. வழி சொல்ற ஆளு பழைய பேர சொல்லுவான், போன் புது பேர சொல்லும், நடுவுல நீ முழிப்ப. நான் ஓட்ட வந்த காலத்துல கிழவனுங்க எல்லாம் துவாங்கு அப்துல் ரஹ்மான் ரோட்ட பத்து ரோடும்பானுங்க, நானும் இன்னும் சில நேரம் அப்படித்தான் சொல்றேன்.

பகல் வேலைன்னா சூரியன பாக்கலாம், ஆனா நம்ம ஊர்ல அதுல ஒரு சிக்கல். 1982 தொடக்கத்துல நம்ம கடிகாரத்த அரை மணி நேரம் முன்னால தள்ளி விட்டாங்க, சபா சரவாக்கோட ஒண்ணா இருக்கணும்னு. அதனால இங்க சூரியன் உச்சிக்கு வர்றது பன்னெண்டுக்கு இல்ல, ஒண்ணு பத்து, ஒண்ணு இருவது வாக்குல. காலைல பத்து மணி வரைக்கும் எந்தப் பக்கத்துலேர்ந்து வெயில் அடிக்குதோ அது கிழக்கு, சந்தேகமே இல்ல. மத்தியானம் நிழல் காலடிலயே விழும், அப்ப வெயில பாத்து திசை சொல்றவன் சும்மா அளக்குறான். மழ மூட்டமா இருந்தா தாமான்ல, அதான் குடியிருப்பு பகுதில, வீட்டு கூரைய பாரு. ஆஸ்ட்ரோ டிவி தட்டு எல்லா வீட்லயும் ஒரே பக்கமா மொகத்த தூக்கி வெச்சிருக்கும், ஏறக்குறைய மேற்கு, கொஞ்சம் தெற்கு தள்ளி. தெரு விளக்கு வெளிச்சத்துல ராத்திரியும் தெரியும். ஓட்டல்ல மேக்கப் போட போனேன்னா ரூம் சீலிங்ல தொழுகைக்கு அம்புக்குறி ஒட்டியிருப்பான், அது மேற்கு, கொஞ்சம் வடக்கு தள்ளி.

எங்கப்பா குவாலா சிலாங்கூர் பக்கம் தோட்டத்துல பால்மரம் சீவுனவரு. எல்லாம் நெரை புடிச்சு நட்ட மரம், ஒண்ணுக்கு ஒண்ணு வித்தியாசம் கிடையாது, விடியறதுக்கு முன்ன நெத்தி விளக்க மாட்டிக்கிட்டு அவரு பாட்டுக்கு போவாரு. எப்படிப்பான்னு ஒரு வாட்டி கேட்டேன். புத்து இருக்கிற மூலை, இடி விழுந்து ஒடிஞ்ச மரம், கால்வாய்ல பலகை போட்ட எடம், இத மட்டும் வரிசையா சொன்னாரு. அவருக்கு மேப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. உனக்கு மூஞ்சி நிக்குதுன்னா வீட்டு மூஞ்சியும் நிக்கும், ரோட்டு மூஞ்சியும் நிக்கும். மேக்கப்காரி கண்ணோட பாரு.

சைபர்ஜெயா_தம்பி:

அங்கிள் சொன்னது சூப்பர். என் கருத்து, மூல காரணமே ஜிபிஎஸ் தான். எல்லாரும் அத நம்பி மூளைய அடகு வெச்சாச்சு. அக்கா நீங்க ஒரு மாசம் ஆப்ப அணைச்சிட்டு ஓட்டுங்க, தானா வரும். நீச்சல் தெரியாதவன தண்ணில தள்ளி விட்டா நீந்துவான்.

மெதுவா_படிக்கிறவ:

தம்பி, முகூர்த்தத்துக்கு பொண்ணு ரெடி ஆகலன்னா தண்ணில முங்குறது அக்கா மட்டும் இல்ல, அந்த குடும்பமே.

ஆனா நீங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஜப்பான்ல தோரு இஷிகாவாவும் அவர் கூட இருந்தவங்களும் 2008ல ஒரு சோதனை பண்ணாங்க, நடந்து போறவங்கள்ல சிலருக்கு ஜிபிஎஸ், சிலருக்கு காகித மேப், சிலர நேர்ல கூட்டிட்டு போய் வழி காட்டுனாங்க. ஜிபிஎஸ் புடிச்சவங்க தான் அதிகம் நடந்து, அதிகம் நின்னு, வழிய மோசமா ஞாபகம் வெச்சிருந்தாங்க. 2020ல மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்துல ஜிபிஎஸ் அதிகமா பாவிக்கிறவங்களுக்கு வழி ஞாபகம் மூணு வருஷத்துல கூடுதலா குறைஞ்சதா எழுதுனாங்க. ஆனா மூணு வருஷம் கழிச்சு திரும்ப சோதிச்சது 13 பேர தான், அத வெச்சு ஊருக்கே தீர்ப்பு சொல்றது எனக்கு சரியா படல. அதோட இந்த அக்காவுக்கு ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடியே இப்படித்தானே, மண்டபத்து டாய்லெட்டுக்கும் சமையல் கட்டுக்கும் நடுவுல என்ன ஜிபிஎஸ்?

ஆப்ப அணைக்க வேணாம், மாத்தி வைங்க போதும். செட்டிங்ல மேப் சுத்தாம வடக்கு எப்பவும் மேல இருக்கிற மாதிரி ஒரு வசதி இருக்கு. மொத மொத பாக்க எரிச்சலா இருக்கும், கீழ நோக்கி போகும்போது வலது இடது தலகீழா தெரியும், அதனால ஓட்டும்போது வேணாம். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்ல சோபாவுல உக்காந்து பாருங்க. "செந்தூல் இங்க, பொண்ணு வீடு தெற்கால, நடுவுல இந்த ஒரு பெரிய ரோடு"னு ஒரு வாக்கியம் வாய் விட்டு சொல்லிட்டு கிளம்புங்க. அங்கிளோட நாலு ஊர் கணக்குக்கும் இதுக்கும் சரியா பொருந்தும்.

இன்னொண்ணு, அங்கிள் தோட்டத்த பத்தி சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. அதே படகு கேம் விவரத்த வெச்சு 2022ல நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு, பட்டணத்துக்கு வெளிய வளந்தவங்க சராசரியா நல்லா வழி கண்டுபிடிக்கிறாங்க, சிகாகோ மாதிரி கட்டம் போட்ட பட்டணத்துல வளந்தவங்க கோணல் மாணலான இடத்துல தடுமாறுறாங்கன்னு. அந்த கணக்குப்படி கேஎல்ல வளந்த பிள்ளைங்க எல்லாம் சாம்பியனா இருக்கணும், இங்க நேரா ஒரு ரோடு காட்டுங்க பாப்போம்.

உருமி_குரூப்:

அக்கா நாங்களும் உங்க லைன் தான், கல்யாணம் கோயில்னு உருமி மேளம் அடிக்க வேன்ல சுத்துறவங்க. திசை எல்லாம் அங்கிள் பாத்துப்பாரு, நான் கடைசி அரை கிலோமீட்டர் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா மாட்டுறது பூரா அங்க தான்.

லொகேஷன் அனுப்ப சொன்னா பொண்ணோட சித்தப்பா ஆபீஸ்ல இருந்துக்கிட்டு அனுப்புவாரு, இல்லன்னா மாடில படுத்துக்கிட்டு அனுப்புவாங்க, அது பின் தெருவுல போய் நிக்கும், நடுவுல பெரிய கால்வாய், தாண்ட முடியாது. அதனால "கேட்டுக்கு வெளிய ரோட்டுல நின்னு அனுப்புங்க, அப்படியே கேட்ட ஒரு போட்டோவும்"னு கட்டாயமா கேளுங்க. முன்னாடி நாள் சாயங்காலமே கேட்டுருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் போன் எடுக்க மாட்டாங்க, எல்லாரும் மருதாணி கையோட தூங்குவாங்க.

அட்ரஸ்ல தாமான் பேர் இல்லாம கிளம்பாதீங்க. ஜாலான் 3, ஜாலான் 5 எல்லா தாமான்லயும் இருக்கு. கொண்டோ மாதிரி அடுக்குமாடின்னா பிளாக் என்ன, எந்த லாபி, விருந்தாளி காடி எந்த கேட்டுல போகணும், இத காவலுக்கு நிக்கிற ஜாகாகிட்ட வீட்டுக்காரங்க முன்னமே சொல்லி வைக்கணும், இல்லன்னா அந்த நேரத்துல அவரு உங்க மேக்கப் பெட்டிய திறந்து காட்ட சொல்லுவாரு. பார்க்கிங்ல தூண் நம்பர போட்டோ எடுங்க, தூண மட்டும் இல்ல, அதுலேர்ந்து லிப்ட் எந்த பக்கம்னு தெரியிற மாதிரி ரெண்டாவது போட்டோ.

அடையாளம் வைக்கும்போது செவன் இலெவன், மாமாக் சாப்பாட்டு கடை, பெட்ரோல் ஸ்டேஷன் இதெல்லாம் வேணாம், மூலைக்கு மூலை இருக்கு. பசார் மாலாம், அதான் ராத்திரி சந்தை, போடுற ரோடா இருந்தா அந்த சாயங்காலம் உள்ளயே விட மாட்டான், பொண்ணழைப்பு அன்னிக்கு போறவங்க அதையும் கேட்டு வைக்கணும். ஒரே ஒரு ஊர்ல ஒண்ணே ஒண்ணு இருக்கிறது தான் அடையாளம், கோயில் கோபுரம், தண்ணி டேங்கி, பள்ளிக்கூடம், அந்த மாதிரி.

முக்கியமா, "வாழைமரம் கட்டி லைட்டு போட்ட வீடு"ன்னு யாராச்சும் அடையாளம் சொன்னா நம்பாதீங்க. நல்ல முகூர்த்த நாள்ல ஒரே தாமான்ல ரெண்டு வீட்ல கல்யாணம் இருக்கும். எங்க வேன் ஒரு தடவ அப்படித்தான் ரவாங் பக்கம் ஒரு வீட்டு முன்னாடி நின்னுச்சு, வாழைமரம் இருக்கு, லைட்டு இருக்கு, கூடாரம் இருக்கு, இறங்கி அடி பின்னிட்டோம். உள்ள இருந்து ஒரு பாட்டி ஆரத்தி தட்டோட ஓடி வந்துட்டாங்க, பொண்ணோட அப்பா எங்க லீடர் தோள்ல கைய போட்டு "தம்பி, நாங்க நாதஸ்வரம் தான சொன்னோம்"னாரு. அதுக்கப்புறம் நாங்க பாக்குறது வாசல்ல வெச்சிருக்கிற பொண்ணு மாப்பிள்ள பேர் பலகைய மட்டும் தான்.

மூணாவது_மாடி:

எல்லாரும் ஜாலியா பேசுறீங்க, நடுவுல இத சொல்றதுக்கு மன்னிக்கணும், ஆனா இந்த தலைப்ப படிக்கிறவங்க வீட்ல பெரியவங்க இருப்பாங்க. சின்ன வயசுலேர்ந்தே வழி தெரியாதது வேற, நல்லா தெரிஞ்சவங்களுக்கு திடீர்னு தெரியாம போறது வேற. எங்கப்பா பிரிக்பீல்ட்ஸ்ல ஒவ்வொரு சந்தும் தெரிஞ்சவரு, ஒரு நாள் துன் சம்பந்தன் ரோட்டுல நின்னுக்கிட்டு ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு கேட்டாரு. நாங்க வயசாச்சுன்னு விட்டுட்டோம், அப்புறம் தான் ஆல்சைமர்னு தெரிஞ்சது. மேல சிஸ் எழுதின அந்த கட்டம் அளக்குற செல் இருக்கிற பகுதி தான் அந்த நோய் ஆரம்பத்துலயே தொடுற இடங்கள்ல ஒண்ணுன்னு டாக்டர் சொன்னாரு. பழகின வழி தப்புதுன்னா கிண்டல் பண்ணாம கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க. கேட்ட சிஸ்க்கு இது இல்ல, பயப்பட வேணாம்.

பட்டர்வொர்த்_பிள்ளை:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. மூணாவது மாடி, அப்பா எப்படி இருக்காரு இப்ப? எழுதுனதுக்கு நன்றி.

அங்கிள், நேத்து சாயங்காலம் பிளாட் மாடில நின்னு பாத்தேன், நிஜமாவே இடது ட்வின் டவர், வலது 118. இத்தன நாளா அங்க துணி காயப் போடுறேன், அது வரிசையா நிக்குதுன்னு கண்ணுல பட்டதே இல்ல. வீட்டுக்காரர கூப்பிட்டு, செராஸ்லேர்ந்து பாத்தா எப்படி இருக்கும் சொல்லுங்கன்னேன், அவருக்கு தெரியல 😌 ஒரு சந்தேகம் அங்கிள், நான் போறது விடியக்காலம் ரெண்டரை மணிக்கு, அந்நேரத்துல அதுல லைட்டு எரியுமா?

வடக்கு மேல வைக்கிறத சோபாவுல உக்காந்து பாத்தேன், பத்து நிமிஷத்துல தல வலிக்குது, ஆனா செந்தூலுக்கும் பத்துமலைக்கும் நடுவுல இவ்ளோ கொஞ்ச தூரம் தான்னு இப்ப தான் தெரியுது. நான் எப்பவும் சுத்தி வேற வழியா போய் பழகிட்டு அது வேற ஊர்ல இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

பட்டர்வொர்த்ல நான் இவ்ளோ மோசம் இல்ல, அதையும் சொல்லணும். அங்க ஒரு பக்கம் கடல், எதிர்ல பினாங்கு தீவுல கொம்தார் டவர் நிக்கும், அதுக்கு பின்னால மல. எங்க நின்னாலும் அது அந்தப் பக்கம்னு தெரியும். இங்க வந்து தான் எல்லாம் போச்சு. அப்போ கொம்தாருக்கு பதிலா 118ன்னு வெச்சுக்கிட்டா சரியா வருமோ என்னமோ.

பழைய_டெக்சி:

அலங்கார லைட்ட நம்பாத, நேரத்துக்கு நேரம் மாறும். உச்சில செவப்பு லைட்டு இருக்கும், ஏரோப்ளேன்காரனுக்கு வெச்சது, அத பாரு. மழ மூட்டம்னா அதுவும் மறையும், அப்ப போர்டு தான் கதி. அடுத்த வேலை எங்க?

பட்டர்வொர்த்_பிள்ளை:

ரவாங் அங்கிள். அப்போ ஈப்போ போர்டு தானே?

பழைய_டெக்சி:

அதே தான். செலாயாங் வழியா நீல போர்ட புடிச்சு போ, ரவாங்னே போட்டிருப்பான். வரும்போது கோலாலம்பூர்னு போட்டத புடி. அந்த ரோட்டுல லோரி வேகமா வரும், இடது லேன்லயே இரு.

உருமி_குரூப்:

ரவாங்கா 😂 பேர் பலகைய பாத்துட்டு இறங்குங்கக்கா.

கிள்ளான்_மச்சான்:

சிஸ், என் தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம். மேக்கப் புக்கிங் எவ்ளோ? வீடு மேரு பக்கம்.

பட்டர்வொர்த்_பிள்ளை:

பிஎம் பண்ணுங்க. கேட்டுக்கு வெளிய நின்னு லொகேஷன் அனுப்புங்க, தங்கச்சிய அனுப்ப சொல்லாதீங்க.